நெடுமணலில் அரிப்பு கைமாறிய பங்குனி

கிட்ட வந்து உட்காருங்க. இன்னும் கொஞ்சம் கிட்ட. முட்டியும் முட்டியும் இடித்தால் இடிக்கட்டும்; தள்ளி உட்காருகிறவர்களுக்கு ஒட்டாத கதை இது. ரொம்பச் சுத்தக்காரர்கள் யாராவது இருந்தால் அவர்கள் மட்டும் தள்ளியே இருந்துகொள்ளட்டும், அப்படித் தள்ளி இருந்த ஒருத்தர் பாடு என்ன ஆனது என்பதும் இதிலேயே வருகிறது.

நெடுமணல் அளம் என்று ஒரு உப்பளம். கிழக்கே பார்த்தால் உப்பு, மேற்கே பார்த்தாலும் உப்பு, நடுவில் அளத்து வேலைக்காரர்களுக்கென்று லைன் வீடுகள், ஒரே சுவரை இரண்டு பக்கமும் பங்கு போட்டுக்கொண்ட ஒற்றை அறைகள். இந்த வீட்டுப் பிள்ளை தும்மினால் அடுத்த வீட்டுக்காரி நூறு ஆயுசு சொல்லுவாள். ஒரு வீட்டில் எத்தனை பேரோ அத்தனை பேருக்கும் ஒரு பாய், ஒரு போர்வை, அந்தப் போர்வையை அப்பன் இழுத்தால் பிள்ளைக்குக் கால் தெரியும், பிள்ளை இழுத்தால் அப்பனுக்கு வயிறு தெரியும். சுற்றிலும் தண்ணீர்தான், ஆனால் வாயில் வைக்க முடியாத தண்ணீர். நல்ல தண்ணீர் லாரியில் வரும், வந்தால் முதலில் குடிக்க, அடுத்தது உலை வைக்க, மிச்சம் இருந்தால் குளிக்க, மிச்சம் இருந்த நாளை யாரும் பார்த்ததில்லை.

அப்படிப்பட்ட இடத்தைச் சொறிக்கு ரொம்பப் பிடித்துப்போனது. கண்ணுக்குத் தெரியாத பூச்சி அது. விரல் இடுக்கிலும் மணிக்கட்டிலும் இடுப்புக் கயிறு உரசும் இடத்திலும் தோலுக்கு அடியில் வளை தோண்டி, முட்டை இட்டு, வாடகை கொடுக்காமல் குடும்பம் நடத்தும், விளக்கை அணைத்த பிறகுதான் அதற்குத் திருவிழா. நெடுமணலில் அதற்குப் பெயர் பனைத்திட்டுச் சொறி. பனைத்திட்டில் போய்க் கேட்டால் கருவோடைச் சொறி என்பார்கள், கருவோடைக்காரர்கள் அது நெடுமணலில் இருந்து உப்பு மூட்டையோடு வந்தது என்பார்கள், இப்படியே மலை அடிவாரம் வரைக்கும் ஊர் ஊராகக் கேட்டுக்கொண்டு போனாலும் எந்த ஊரிலும் அது சொந்த ஊர்ச் சொறியாக இருந்ததே இல்லை.

மருந்து தெரியாமல் இல்லை. குப்பைமேனி இலையோடு கல் உப்பும் மஞ்சளும் வைத்து அரைத்துப் பூசிக் குளிக்கிற வைத்தியம் அங்கே எல்லாப் பெண்களுக்கும் தெரியும். உப்புக்குப் பஞ்சமில்லை. இலைதான் இல்லை, அந்த மண்ணில் உமரிப் பூண்டைத் தவிர ஒன்றும் முளைக்காது. அதனால் ஒவ்வொரு வீட்டுக்காரியும் பஸ் டிரைவர் காதில் ரகசியமாகச் சொல்லி, உள்நாட்டில் இருந்து இலையை மடியில் மறைத்துக் கொண்டுவந்து, கதவைச் சாத்திக்கொண்டு அரைத்து, அம்மி சத்தத்துக்குத் தேங்காய்த் துவையல் என்று சாக்குச் சொல்லி, தன் வீட்டாருக்கு மட்டும் பூசுவாள். சொறி போய்விடும். நாலு நாள் கழித்து, இன்னும் அரைக்காத அடுத்த வீட்டில் இருந்து திரும்பி வந்துவிடும். சுற்றுக்கு வருகிற நர்ஸ் அமலோற்பவம் தலையில் அடித்துக்கொள்வாள்.

"எல்லாரும் ஒரே நாள்ல பூசணும், உடுத்துனது போத்துனது எல்லாத்தையும் அன்னைக்கே வேகவைக்கணும்னு எத்தனை மட்டம் சொல்லுதேன்! இலையப் பூசுங்க, நான் தார மருந்தப் பூசுங்க, எதைப் பூசினாலும் ஒண்ணாப் பூசுங்க."

"எங்க வீட்ல யாருக்கும் இல்லையே நர்சம்மா" என்று கைகளை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு சொல்வார்கள்.

அந்த லைனில்தான் வெயிலுகந்தாள் இருந்தாள். தண்ணீர் லாரி வந்தால் குழாயைப் பிடிக்கிறவள் அவள்தான். அவள் குழாயைப் பிடித்தால் சண்டை வராது, வந்தாலும் சண்டை போட்டவர்கள் நனைந்துபோய் நிற்பார்கள். நீளமான கை, அதைவிடக் கொஞ்சம் நீளமான நாக்கு, பிள்ளை இல்லை. தைப் பிறப்புக்கு அடுத்த வீட்டுக்கு முத்திருளாயி குடிவந்தாள், கைக்குழந்தையோடு, வள்ளத்தில் போன புருஷன் எந்தக் கரையில் இறங்கினான் என்று தெரியாமல். அவள் பாத்தியில் உப்பு வாரும்போது குழந்தை வெயிலுகந்தாள் வயிற்றின் மேல் படுத்துத் தூங்கப் பழகியது. அப்புறம் அந்த வயிற்றைத் தவிர வேறு எங்கே போட்டாலும் அழுதது, வெயிலுகந்தாளும் 'இது என்ன சள்ளை' என்று சொல்லிக்கொண்டே மல்லாந்து படுக்கப் பழகினாள்.

முத்திருளாயி வந்த அன்று கங்காணி தவசிலிங்கம் ஒரு காரியம் செய்தார். கங்காணியார் யாரையும் தொடமாட்டார், கூலியைக்கூட ஒரு சாண் உயரத்தில் இருந்துதான் உள்ளங்கையில் போடுவார். ஆனால் பொன்னாடை போர்த்துவதில் அவருக்கு ஆசை அதிகம். லாரி டிரைவருக்குப் போர்த்துவார், தபால்காரருக்குப் போர்த்துவார், ஒரு தடவை ஆழ்குழாய் போட வந்த மிஷினுக்கே போர்த்தினார். அன்றைக்குக் கையில் பொன்னாடை இல்லாததால் வீட்டில் தான் போர்த்திக்கொண்டிருந்த பழைய சிவப்புக் கம்பளியை எடுத்துவரச் சொல்லி, இரண்டு விரல் நுனியால் பிடித்து, எல்லாரையும் கைதட்டச் சொல்லி, முத்திருளாயி தோளில் போர்த்தினார். அந்தக் குளிருக்குத் தாயும் பிள்ளையும் அதற்குள்ளேதான் கிடந்தார்கள்.

மாசிக்குள் லைன் முழுக்கச் சொறி. பங்குனியில் ஒரு காலை, அரிப்பு கைமாறியது.

முதலில் கண்டுபிடித்தவள் மாடத்தி. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று இடுப்பை வரட்டு வரட்டென்று சொறிந்தாள், கொஞ்சமும் சுகம் இல்லை, கட்டிப்போட்ட மாட்டைச் சொறிவது மாதிரி இருந்தது. ஆனால் தொட்டிக்கு அந்தப் பக்கம் இரண்டு கையிலும் குடத்தோடு நின்ற அவள் ஓரகத்தி சந்தனக்கனி கண்ணை மூடி "ஆ... அம்மாடி... இன்னும் கொஞ்சம் கீழ" என்றாள். இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது, ஒரு குடம் தண்ணீரில் முறிந்துபோன பேச்சு. மாடத்திக்குத் தன்னையறியாமல் கை கீழே போனது. சந்தனக்கனிக்குக் குடம் நழுவியது.

மத்தியானத்துக்குள் நெடுமணலுக்கு விஷயம் புரிந்துவிட்டது: நீ சொறிந்தால் சுகம் உனக்கு இல்லை, உனக்கு யார் சொறியைத் தந்தாரோ அவருக்கு. இடுப்புப் பிள்ளைகள் கணக்கில் இல்லை, பிள்ளை மேல் ஏறி வந்த சொறி பிள்ளையைத் தூக்கியவர் கணக்கு. உன் அரிப்பு அடங்க வேண்டுமானால் உன்னிடம் இருந்து வாங்கிக்கொண்டவர் தன் உடம்பில் சொறிந்துகொள்ள வேண்டும். ஏன் இப்படி என்று யாரும் கேட்கவில்லை. அதற்கு நேரம் இல்லை, எல்லாரும் தங்கள் ஆளைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

தேடத் தேட, யார் யாரோடு நெருக்கம் என்பது வெயிலில் காயப்போட்ட துணி மாதிரி எல்லார் கண்ணிலும் பட்டது. பேசாத ஓரகத்திகளில் சந்தனக்கனி, மாடத்தி பாத்திக்குப் போன நேரமெல்லாம் அவள் மகளை ஒளித்து இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறாள். சீட்டாட்டத்தையே விட்டுவிட்டதாகக் கோவிலில் சூடம் அடித்துச் சத்தியம் செய்த ஒருத்தன், பம்பு ஷெட்டில் நாலு பேர் தொடையைச் சொறிந்தபோது நடுவீட்டில் நின்று நாலு தடவை சுகத்தில் நெளிந்தான், அவன் பெண்டாட்டி இடுப்பில் கைவைத்துக்கொண்டு எண்ணினாள். சாமியாடி குறி சொல்லிக்கொண்டே வந்து பாதியில் நிறுத்தி, "அந்தப் பிள்ளைய இன்னும் ரெண்டு இழுப்பு இழுக்கச் சொல்லுங்க, பிறகு மழை வருமா வராதான்னு சொல்லுதேன்" என்றார்.

கொஞ்ச நாளில் அதற்கென்று மரியாதைகளும் வந்துவிட்டன. சொறிவதற்கு முன்னால் குரல் கொடுக்க வேண்டும், உலை இறக்கும்போதும் உப்புக் கூடையைத் தலையில் ஏற்றும்போதும் திடீரென்று சுகம் கொடுக்கக் கூடாது, ஆளுக்குக் கால் மடங்கிப்போகும். வீட்டுக்கு வந்தவரை "வாங்க, உக்காருங்க, காப்பி குடிக்கீயளா, எங்கயாவது சொறியணுமா" என்று கேட்டார்கள். புருஷன்மார் சாயங்காலம் நேரத்தோடு வீட்டுக்கு வந்தார்கள். கோபித்துக்கொண்ட பெண்டாட்டி சண்டை போடுவதில்லை, கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்துவிடுவாள், அவ்வளவுதான். ரொம்பப் பாவப்பட்டவர்கள் யாருக்கும் கொடுக்காதவர்கள். தனிப் பாய், தனித் துண்டு என்று இருந்த ஒருத்தன் தனக்காகச் சொறிய ஆளில்லாமல் தெருத் தெருவாக, "மாமா, ஒரு நிமிசம் கட்டிப்புடிச்சுக்கிடட்டுமா?" என்று கேட்டு அலைந்தான்.

வேடிக்கை இந்த அளவோடு நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மனுஷருக்கு ஒரு சங்கிலி கிடைத்தால் அதன் முனையைப் பார்க்காமல் தூக்கம் வராது. எல்லாரும் லைனுக்கு நடுவில் கூடி, ஒவ்வொருத்தராகச் சொறிந்து, யாருக்குச் சுகம் யாருக்குச் சுகம் என்று பிடித்துக்கொண்டே போனார்கள். மாடத்தி சொறிந்தால் சந்தனக்கனிக்கு, சந்தனக்கனி சொறிந்தால் வெயிலுகந்தாளுக்கு, வெயிலுகந்தாள் சொறிந்தால் முத்திருளாயிக்கு. முத்திருளாயி சொறிந்தாள். எல்லாரும் காத்திருந்தார்கள். ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

"அப்போ இவதான் வேரு" என்றான் சீட்டாட்டக்காரன், தன்னைப் பற்றிய பேச்சு மாறட்டும் என்று.

"நாங் கொண்டு வரல. எங்க ஊர்ல இருந்து வாரப்போ என் மேல ஒரு பொட்டுகூட இல்ல" என்றாள் முத்திருளாயி. யார் காதிலும் விழவில்லை. சத்தம் கேட்டு அப்போதுதான் வந்த கங்காணியார் முழுக்கைச் சட்டையைக் கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு தூரத்தில் நின்றே தீர்ப்புச் சொன்னார்.

"சீக்கைக் கொண்டாந்தவள வச்சிருக்க முடியாது. வெள்ளிக்கிழமை உப்பு லாரி போவும்லா, அதுல ஏத்தி விட்டுருங்க. எங்கயும் இறங்கிக்கிடட்டும்."

அன்றைக்குக் குழந்தை வெயிலுகந்தாள் வயிற்றில் தூங்கியது. அவள் தூங்கவில்லை. வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் இந்த வயிறு காலியாகத்தான் கிடக்கும் என்று நினைத்தபோது அவளுக்கு அரிப்பைவிட வேறு ஏதோ ஒன்று அரித்தது, அதைச் சொறிய ஆளே கிடையாது.

மறுநாள் காலை கொட்டகையில் பெயர் கூப்பிடும் நேரம். கங்காணியார் நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். முத்திருளாயி வரிசையில் நின்று, அழுகையை அடக்குகிறவள் மாதிரி மணிக்கட்டை லேசாகச் சொறிந்தாள். கங்காணியார் "சந்தன..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். அவர் இமை பாதி இறங்கியது. தாடையைத் தடவினால் பூனை ஒன்று கழுத்தை நீட்டுமே, அப்படி நீட்டினார். முத்திருளாயி நிறுத்தினாள். "...கனி" என்று முடித்தார்.

வெயிலுகந்தாள் மெதுவாக நகர்ந்து போனாள்.

"ஏட்டி, இன்னொரு மட்டம் சொறி."

"எதுக்கு மைனி?"

"சொறின்னா சொறி. முழங்கைப் பக்கம்."

கங்காணியாரின் வலது காலில் செருப்பு தானாக ஆடியது.

கதையைக் கொஞ்சம் பின்னால் திருப்ப வேண்டும். மார்கழிக்கு முந்தி உள்நாட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போன தவசிலிங்கம், மண்டபத்தில் வாடகைத் தலையணையும் வாடகைப் போர்வையும் போட்டு, நாதஸ்வரக்காரர் பக்கத்தில் படுத்துத் தூங்கியிருந்தார். அதனால்தான் இப்போது அவர் தன் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு எவ்வளவு சொறிந்தாலும் அவருக்கு ஒன்றும் ஆகாமல், எங்கோ தூரத்தில் ஒரு நாதஸ்வரக்காரர் முகூர்த்த நேரத்தில் வாசிப்பை நிறுத்திப் புன்னகை செய்துகொண்டிருந்தார். தவசிலிங்கத்தின் அரிப்பை அடக்குகிற ஒரே கை முத்திருளாயியின் கைதான், அவர் சொறியைக் கொடுத்தது அவளுக்கு மட்டும்தான், அதையும் கைதட்டலோடு கொடுத்திருந்தார். தனக்குச் சுகம் எங்கிருந்து வருகிறது என்று அவர் கேட்டுக்கொண்டதே இல்லை. அவருக்கு வருவதெல்லாம் அவருக்கு வரவேண்டியதுதான் என்று இருந்தார்.

வெயிலுகந்தாள் இதை யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்குப் போய்ப் பழைய சேலையைக் கிழித்து முத்திருளாயியின் இரண்டு கையையும் பொட்டலம் மாதிரிக் கட்டினாள்.

"நீ ஒரு விரலும் அசைக்கக் கூடாது. உனக்கு அரிச்சா எங்கிட்ட சொல்லு, நான் என் மேல சொறிஞ்சுக்கிடுதேன், உனக்கு அடங்கும். எனக்குச் சந்தனக்கனி இருக்கா."

"சோறு?"

"ஊட்டுதேன். ஒரு பிள்ளைக்கு ரெண்டு பிள்ளையாச்சு, போ."

செவ்வாய்க்கிழமை கங்காணியார் பெயர் கூப்பிடும்போது இரண்டு பேரை விட்டுவிட்டார். புதன்கிழமை காலை கொட்டகைத் தூணில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தவரைப் பார்த்து எருமை வந்துவிட்டதென்று யாரோ கல்லெடுத்தார்கள். மத்தியானம் ஆளில்லாத நேரம் பார்த்து உப்புக் குவியலில் புரண்டார், புண்ணில் உப்புப் பட்டதும் அவர் போட்ட சத்தத்தில் வரப்பில் இருந்த கொக்கெல்லாம் பனைத்திட்டுக்குப் பறந்துவிட்டன. சாயங்காலம் தண்ணீர் லாரி வந்தபோது குழாய் பிடித்துக்கொண்டிருந்த வெயிலுகந்தாள் பக்கத்தில் வந்து நின்று, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"இந்தச் சொறிக்கு என்னமோ இலை இருக்காமே."

"யாருக்கு அண்ணாச்சி?"

"எனக்கு இல்ல. எங்க வீட்டு மாட்டுக்கு."

"அய்யோ பாவம். மாடு எந்நேரமும் முழுக்கைச் சட்டை போட்டிருக்கோ?"

கங்காணியாரின் ஒரு தோள் தானாக மேலே ஏறி இறங்கியது.

"மாட்டுக்கு யாரு சொறிஞ்சா அடங்கும்னு எனக்குத் தெரியும் அண்ணாச்சி" என்றாள் அவள், குழாயை அடுத்த குடத்துக்கு மாற்றிக்கொண்டே. "அவள வெள்ளிக்கிழமை லாரியில ஏத்தப்போறீய. பிறகு மாடு லாரிக்குப் பின்னாலயே ஓடும். மலையடிவாரம் மட்டும் ஓடினாலும் ஓடும்."

கங்காணியார் அவளைப் பார்த்தார், தூரத்தில் கையில் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்த முத்திருளாயியைப் பார்த்தார், தன் சட்டைக்கையைப் பார்த்தார். அந்தக் கம்பளியின் சிவப்பு நிறம் அவர் முகத்தில் ஏறியது.

"என்ன வேணும்?" என்றார்.

"அவ இங்கதான் இருப்பா. உப்பு லாரி உள்நாட்டுல இருந்து காலியாத்தானே வருது, வாரப்போ குப்பைமேனி சாக்கு சாக்கா வரணும். நல்ல தண்ணி லாரி குளிக்கன்னே தனியா வரணும். எல்லாரும் ஒரே நாள்ல. வரிசையில முதல் ஆள் நீங்க."

"நானா? அவங்களோடயா?"

"மாட்டையும் கூட்டியாங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அளத்துக்கு விடுமுறை விட்டார்கள். இதுவரை மடியில் ஒளிந்து வந்த இலை அன்றைக்கு மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது, எல்லா அம்மியும் தெருவுக்கு வந்தன, தேங்காய்த் துவையல் என்று யாரும் சொல்லவில்லை. நர்ஸ் அமலோற்பவம் தன் மருந்துப் பெட்டியோடு வந்து, "உடைஞ்ச புண்ணுல உப்பு வைக்காதீய, கைப்பிள்ளைக்கு இலை வேண்டாம், அதுக்கு நான் தாரேன், கழுத்துக்குக் கீழ ஒரு இடம் விடாமப் பூசுங்க, விரல் இடுக்க மறந்திராதீய" என்று ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கத்தி, இத்தனை வருஷக் கத்தலுக்கு முதல் தடவையாக எல்லாரும் கேட்பதைப் பார்த்துக் கண் கலங்கினாள். ஊரில் இருந்த துணி முழுக்க வேப்பிலையோடு டிரம்மில் வெந்தது. மாற்றுத்துணி யாருக்கும் மிஞ்சாததால், எல்லாரும் புது உப்புச் சாக்கில் தலைக்கும் கைக்கும் ஓட்டை போட்டு மாட்டிக்கொண்டு நின்றார்கள், சாமியாடி சாக்கில், சீட்டாட்டக்காரன் சாக்கில், பச்சையாகப் பூசிக்கொண்டு கங்காணி தவசிலிங்கமும் சாக்கில். ஆளுக்கு ஆள் முதுகில் பூசிவிட வேண்டியிருந்தது. கங்காணியார் முதுகில் பூசியது மாடத்தி. ஒரு சாண் உயரத்தில் இருந்து பூசுவதற்கு அவளுக்குத் தெரியவில்லை, அழுத்தித்தான் பூசினாள்.

ஒரு வாரம் கழித்து, நர்சம்மா சொன்னபடி, இன்னொரு தடவையும் பூசினார்கள். அப்புறம் சித்திரையில் அரிப்பு மெல்ல மெல்ல அடங்கியது. ஒரு நாள் மாடத்தி கொசு கடித்த இடத்தைச் சொறிந்தாள், சுகம் அவளுக்கே வந்தது. பிறகு சந்தனக்கனி வீட்டு வாசலில் போய், "ஒண்ணுமில்ல, சும்மாதான் வந்தேன்" என்றாள். அவள் அந்த வாசலுக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

சொறி போனதும் கங்காணியாருக்குச் சட்டைக்கை மடிந்தது, குரல் பழையபடி உயர்ந்தது. முத்திருளாயியைப் பார்க்கிறபோதெல்லாம் அவருக்குத் தான் சாக்கு மாட்டி நின்றது ஞாபகம் வந்தது. ஒரு காலை பெயர் கூப்பிட்டுக்கொண்டே வந்தவர் அவள் பெயரைத் தாண்டிப் போனார்.

"அண்ணாச்சி, ஒரு பேரு விட்டுப்போச்சு" என்றாள் வெயிலுகந்தாள்.

"விட்டுப்போகல. அது அப்போ சொன்னது. இன்னைக்கு லாரி வருது, ஏறிக்கிடட்டும்." சொல்லிவிட்டு இரண்டு கையையும் தலைக்குப் பின்னால் கோத்துக்கொண்டு சாய்ந்தார். "இப்போ எங்கயும் அரிக்கல, பாத்துக்கோ."

முத்திருளாயி குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். வெயிலுகந்தாள் தலையை ஆட்டினாள், சரி என்கிற மாதிரி.

"அதுவும் நியாயம்தான். போறவ மரியாதையாப் போகட்டும். அண்ணாச்சி நமக்கு எவ்வளவு செஞ்சிருக்காவ, தண்ணி விட்டாவ, இலை கொண்டாந்தாவ. ஒரு பொன்னாடை போத்த வேண்டாமா?"

பொன்னாடை என்றதும் தவசிலிங்கம் தன்னையறியாமல் நிமிர்ந்து உட்கார்ந்தார். வெயிலுகந்தாள் வீட்டுக்குப் போய் ஒரு மூட்டையோடு வந்தாள். முடிச்சை அவிழ்த்து, இரண்டு விரல் நுனியால் பிடித்து, உதறாமல், மெதுவாக விரித்தாள். சிவப்புக் கம்பளி.

"எல்லாத் துணியையும் வேகவச்சோம் அண்ணாச்சி" என்றாள் ரொம்ப வருத்தத்தோடு. "இது ஒண்ணு பாருங்க, எப்படியோ மறந்துபோச்சு. எல்லாரும் கை தட்டுங்கலே!"

உண்மையைச் சொன்னால் நெடுமணலிலேயே அதைவிடச் சுத்தமான துணி கிடையாது. தனி டிரம்மில், தனி வேப்பிலையில், இரண்டு தடவை வேகவைத்து வெயிலில் வறட்டி மாதிரிக் காய்ந்த கம்பளி அது. அது அவளுக்கு மட்டும்தான் தெரியும். மாடத்தி முதலில் கைதட்டினாள், சந்தனக்கனி தட்டினாள், வரிசை முழுக்கத் தட்டியது. வெயிலுகந்தாள் கம்பளியை ஏந்திக்கொண்டு ஓரடி ஓரடியாக வந்தாள். நாற்காலி பின்னால் போனது, சுவரில் இடித்தது, அதற்கு மேல் போக இடமில்லை.

"முத்திருளாயி!" என்று கத்தினார் கங்காணியார்.

"இருக்கேன் அண்ணாச்சி" என்றாள் முத்திருளாயி.

"போ, போய் பாத்தியப் பாரு! எல்லாரும் போங்க!"

எல்லாரும் போனார்கள். வெயிலுகந்தாள் மட்டும் கொஞ்சம் பின்தங்கினாள். கம்பளியை அழகாக நாலாக மடித்தாள், கொட்டகைச் சுவரில் ஒரு ஆணியைத் தேடினாள், கங்காணியார் சாய்ந்தால் சரியாகப் பிடரி படுகிற உயரத்தில், அவர் நாற்காலிக்கு நேர் பின்னால் இருந்த ஆணியில், அதை மாட்டிவிட்டுப் போனாள்.